ஏழு அடி அகலச் சந்தை

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணன் வழக்கம்போலச் சைக்கிள் கடையில் ஒரு டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி உலகத்தோடு கோபித்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. கடைப் போனில் பேசலாமென்றால் அங்கே ஸ்பேனருக்கும் காது உண்டு. அதனால் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். இங்கே பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறார்கள். நூல் எட்டவில்லை. எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம்.

நீங்கள் இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறது. உன் பத்திரிகையின் ஞாயிறு இதழில் நம் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாயே, அதனால் வந்த வினை. 'எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவை இரண்டு: வருகிற பேருந்து, போகிற பேருந்து' என்று எழுதினாய். அதை ஊர் மன்னித்துவிட்டது. 'எங்கள் ஊரில் பஞ்சராவதெல்லாம் சைக்கிள் கடை வாசலில்தான். அது இயற்கையின் கருணை' என்று அடுத்த வரி எழுதினாய் பார், அதன் பிறகு மூன்று மாதம் வந்தவர் போனவரெல்லாம் கடை வாசலில் குனிந்து ஆணி தேடினார்கள். மனிதர் நொந்துபோனார்.

அதைக் கிளற எழுதவில்லை. காரியமாகத்தான் எழுதுகிறேன். நம் நகராட்சிக்கு இந்த வருடம் நூறு வயது. ஊர் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "நான் எதுக்கு சார்?" என்று கேட்டேன். "மாசாமாசம் எல்லா வீட்டுக்குள்ளயும் போயி வர்றது இந்த ஊருல நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார் நகராட்சித் தலைவர். தண்ணீர் மீட்டர் பார்க்கப் போகிறவளுக்கு முள் எங்கே நிற்கிறது என்பதோடு யார் வீட்டில் எந்தக் கதை நிற்கிறது என்பதும் தெரியுமாம். அது பொய்யில்லை. ஆனால் நான் இங்கே பிறந்தவள் இல்லையே, வாழ வந்தவள்தானே. பத்தொன்பது வருடம் ஆகியும் வாசலில் என் தலையைக் கண்டால், "உங்க ஊருல மழை உண்டாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். 'உங்க ஊர்' என்றால் நான் பிறந்த ஊர்.

முதல் மூன்று அத்தியாயங்களை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரிகையில் பிழை திருத்துவதுதான் உன் வேலை. கொஞ்சம் பார்த்துக் கொடு.

உன் அண்ணி

ஜனவரி 21

அண்ணிக்கு,

உங்கள் உறையை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போய்விட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிரித்தால், அத்தியாயம் ஒன்று, 'ஊரின் தோற்றம்'.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மட்டுமா நொந்துபோனார்? கட்டுரை வந்த வாரம் நான் கடைக்குப் போன் செய்தேன். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவள் ராங் நம்பராம். அன்றிலிருந்து நானும் அந்த நம்பரைச் சுற்றவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். பதினான்கு பக்கத்தில் பிழைகள் ஐம்பத்திரண்டு. அதில் நாற்பத்தைந்து ஒற்றுப் பிழை. அண்ணி, நீங்கள் க், ச், த், ப் நான்கையும் குழம்புக்கு உப்புப் போடுவதுபோலக் கைக்கு வந்தபடி போடுகிறீர்கள். வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இரண்டு.

பொருட்பிழைகள் தனி. நூலகம் இருக்கும் இடத்தில் முன்பு மாவு மில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது மர டிப்போ. மாவு மில் எதிர் வரிசையில், குடை ரிப்பேர்காரருக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில். மர டிப்போவில் மழை பெய்த மறுநாள் ஒரு வாசனை வரும். அதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். தபால் பெட்டி அப்போது பச்சை. சினிமாக் கொட்டகை எரியவில்லை. கூரை மட்டும்தான் எரிந்தது, மறுநாளே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு படம் பார்த்தார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் அத்தியாயம், 'ஏழூர் மெச்சிய ஆற்றுச் சந்தை'. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் நீளம் நூற்றிருபது அடி, அகலம் ஏழு அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு அடி அகலத்தில் என்ன சந்தை அண்ணி? ஒருவர் கூடையை இறக்கினால் வாங்க வந்தவர் ஆற்றில்தான் நிற்க வேண்டும். எழுபதாக இருக்கும், சரிபாருங்கள்.

நான்கு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு வேலை நிறைய இருக்கிறது, இனி அனுப்ப வேண்டாம். அடுத்த அத்தியாயத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள். மாவு மில்லை இன்னும் எங்கெங்கே நகர்த்தி வைத்திருக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது.

சின்னவள்

ஜனவரி 30

அன்புள்ள சின்னவளுக்கு,

வேலை நிறைய இருக்கிறவள் ஆறு பக்கம் எழுதுவாளா? படித்துவிட்டு மீட்டர் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மர டிப்போவை அப்படியே சேர்த்துக்கொண்டேன்.

ஏழு அடி சரிதான். நகராட்சி ஆபீசில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உன் பத்திரிகையின் பழைய துண்டு ஒன்று மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எழுதினேன். எழுபத்து நான்கு வருடத்துக்கு முந்தையது. 'நேற்றுக் காலை பெரியோர் பலர் கூடியிருக்க நகராட்சித் தலைவர் ஆற்றுச் சந்தை திறந்து வைத்தார். நூற்றிருபது அடி நீளமும் ஏழு அடி அகலமும் கொண்ட இதனால் ஊர் மக்கள் பெரிதும் பயன்பெறுவர்.' அவ்வளவுதான் துண்டு. உன் சந்தேகத்தைத் தையல்காரரிடம் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காலத்து அடி பெருசும்மா. எங்க தாத்தா அந்தச் சந்தையில கடை போட்டவரு. தெரியாமலா சொல்றேன்?" என்றார். அந்த ஒரு தாத்தாவுக்காகவே ஊரில் அவருக்கு முதல் நாற்காலி. மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதை விடு. இப்போது வேறு தலைவலி வந்திருக்கிறது. கடைவீதியிலிருந்து ஆற்றுக்குப் போகும் சந்து இருக்கிறதல்லவா, அதை அடைத்துவிட்டார்கள். ஓரத்திலிருந்த ஐஸ் கம்பெனியை வேறொருவர் வாங்கியிருக்கிறார். கெட்டவர் இல்லை, லாரி திருப்ப இடம் வேண்டுமாம். போன செவ்வாய்க்கிழமை இரும்பு வேலி போட்டார். ஆற்றங்கரை வரிசையில் நாற்பது வீடு. அவர்களெல்லாம் இப்போது பேருந்து டிப்போவைச் சுற்றித்தான் கடைவீதிக்கு வர வேண்டும். நானும் மீட்டர் பையோடு சுற்றுகிறேன். காலில் கொப்புளம்.

கேட்டால் அவர் ஒரு காகிதத்தைக் காட்டுகிறார். நகராட்சி தனக்குக் குத்தகைக்கு விட்ட இடத்தில் 'பழைய சந்தை நிலம்' என்று இதுவும் சேர்ந்திருக்கிறதாம். "சந்தை நிலம்தானேம்மா, வழி இல்லையே. உங்க ஆபீஸ் சுவத்துலயே மாட்டியிருக்கே" என்கிறார். மார்ச் பதினான்காம் தேதி அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருகிறார். அது பொது வழிதான் என்று நாம் காட்ட வேண்டும். நகராட்சியின் அந்த வருடத்துப் பதிவேடுகளையெல்லாம் எப்போதோ கரையான் தின்றுவிட்டது. உனக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?

உன் அண்ணி

பிப்ரவரி 5

அண்ணிக்கு,

சந்தை அடைத்துவிட்டார்களா? நினைவிருக்கிறதா என்று என்னைக் கேட்கிறீர்களா? பத்து வருடம் அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். இடது சுவரில் தோளுயரத்தில் ஒரு கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உயரம் வளர்கிறேனா என்று தினமும் அதில் உரசிப் பார்ப்பேன். அண்ணன் சைக்கிள் பழகியதும் அங்கேதான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவர் தாங்கிக்கொள்ளும் என்று அப்பா அங்கே கொண்டுபோய் விட்டார். அந்த ஊரைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் எழுதுவேன். அதற்காக வேறு யாராவது வேலி போடலாமா?

கோபத்தில் எழுதிய முதல் வரியை இப்போதுதான் திரும்பப் படித்தேன். அண்ணி, ஒரு காரியம் செய்யுங்கள். உடனே போய் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள். அதில் 'சந்தை திறந்து' என்று இருக்கிறதா, 'சந்தைத் திறந்து' என்று இருக்கிறதா? நடுவில் ஒரு 'த்' உண்டா இல்லையா? துண்டுக்கு மேலே தலைப்பு ஏதாவது இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி பார்த்து எழுதுங்கள். உங்கள் கையிருப்பிலிருந்து எதையும் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

சின்னவள்

பிப்ரவரி 10

சின்னவளுக்கு,

ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் பார்க்கும் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஆபீசில் இருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "பல்லி ஏதும் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

ஒரு 'த்' இருக்கிறது. 'ஆற்றுச் சந்தைத் திறந்து வைத்தார்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. பிழையாக இருக்கும் என்று நானேதான் நகலில் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் விட்ட ஒற்றெல்லாம் இருக்க, இதற்கு ஏன் இந்தப் பாடு? தலைப்பு இல்லை. சட்டத்துக்கு அடங்க வேண்டும் என்று மேலே கத்தரித்திருப்பதுபோலத் தெரிகிறது.

உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அண்ணி

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

சந்தையைத் திறந்திருந்தால் 'சந்தையைத் திறந்து வைத்தார்' என்றோ, ஒற்றில்லாமல் 'சந்தை திறந்து வைத்தார்' என்றோ போட்டிருப்பார்கள். 'சந்தைத் திறந்து வைத்தார்' என்றால் சந்தை இல்லை, சந்து. 'வீட்டைத் திறந்தார்' என்பதுபோலச் சந்தைத் திறந்தார். போன கடிதத்தில் 'சந்தை அடைத்துவிட்டார்களா' என்று நானே எழுதினேன் பாருங்கள், அப்போதுதான் பொறி தட்டியது. (அங்கே அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் 'த்' வராது. அதனால் சந்தையா சந்தா என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. வெளியே சொல்லாதீர்கள்.)

ஆனால் ஒரு 'த்'தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முன் நிற்க முடியாது. எங்கள் ஆபீசின் கீழ்த்தளத்தில் பழைய இதழ்களையெல்லாம் வருடவாரியாக பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நாள் தேடினேன். நேற்றுக் கிடைத்தது. ஏழாம் பக்கம், கீழ் மூலை. அதே வரிகள், அதே நூற்றிருபது அடி, ஏழு அடி. நம் ஆட்கள் கத்தரித்து எறிந்த தலைப்பும் மேலே பத்திரமாக இருக்கிறது: 'ஆற்றுக்குப் பொதுச் சந்து: மக்கள் உபயோகத்துக்குத் திறப்பு'.

அங்கேயே நின்று சிரித்தேன். பழைய இதழ்களைக் காக்கும் காப்பறைக்காரர் ஓடி வந்து பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. சந்து நமக்கு வேண்டுமென்றால் சந்தையை விட வேண்டும். ஏழு ஊர் மெச்சிய சந்தை, தையல்காரரின் தாத்தா, பள்ளிக்கூடத்தில் சந்தையைப் பற்றி வைக்கும் பேச்சுப் போட்டி எல்லாம் போய்விடும். ஏற்கெனவே ஒரு தரம் ஊரைக் கிண்டல் செய்தவள் நான். இதையும் நானே கொண்டுவந்தால் என்ன சொல்வார்கள்? இதை யாரிடமும் காட்டுவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர் நீங்கள்.

சின்னவள்

பிப்ரவரி 23

அன்புள்ள சின்னவளுக்கு,

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மீட்டர் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் சந்தையே எதிரில் வந்தது. ஒரு வீட்டில், "எங்க பெரியப்பா அங்கதான் கண்ணாடி வளையல் வித்தாரு" என்றார்கள். இன்னொரு வீட்டில், சந்தை நாளில் ஆற்றில் ஓடம் நிறுத்த இடமிருக்காது என்றார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை இவர்கள். கேட்டதைச் சொல்கிறார்கள். கேட்ட கதைதான், ஆனாலும் ஆளுக்கு ஒரு கைப்பிடி பிரியம் போட்டு வளர்த்திருக்கிறார்கள். அதைப் பிடுங்க நான் யார்? வெளியூர்க்காரி.

ஆனால் அதே வரிசையில் கடைசி வீட்டம்மாள் முழங்கால் வலியோடு மருந்துக்கு டிப்போவைச் சுற்றி நடப்பதையும் பார்த்தேன். இல்லாத சந்தைக்காக இருக்கிற வழியை விடுவதா? பேச வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. என் மீட்டர் பையின் வார் அறுந்து, உன் அண்ணன் தைத்துத் தருகிறேன் என்று வாங்கினார். உள்ளே உன் கடிதங்கள். நான் குளித்துவிட்டு வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து முதல் கடிதத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கடைசிப் பக்கம்வரை படித்தார். 'ராங் நம்பர்' வரி வந்த இடத்தில் மட்டும் ஒரு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இன்று காலை முதல் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். "எங்க?" என்றேன். "ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க" என்றார். துவைத்து வைத்திருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவார்களா?

அவர் உன்னிடம்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பார். சாப்பிடாமல் அனுப்பாதே.

உன் அண்ணி

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

வந்தார். வாசல் காவலர் மேலே வந்து, "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காரு. யாருன்னு கேட்டா ராங் நம்பர்னு சொல்லுங்கன்றாரு" என்றார். படியெல்லாம் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

கையில் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். காதோரம் நரைத்துவிட்டது அண்ணி. நீங்கள் அதை எழுதவே இல்லையே.

"ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்தேன். அப்படியே அந்தப் பேப்பரையும் பாத்துட்டுப் போலாம்னு" என்றார்.

"என் மேல நம்பிக்கை இல்லையாண்ணா?"

"நம்பிக்கை இருக்கு. நாலு பேரு கேப்பாங்க. என் கண்ணால பாத்தேன்னு சொல்லணும்ல."

காப்பறைக்காரர் கறாரானவர். கை கழுவாமல் பழைய இதழைத் தொட விடமாட்டார். அண்ணன் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகவில்லை. கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ புரட்டு. நான் பாக்குறேன்" என்றார். நான் ஏழாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து, உதடு அசையப் படித்தார்.

"பொதுச் சந்துன்னு போட்டிருக்கான்."

"ஆமாண்ணா."

"அப்ப சந்தை?"

"இல்லண்ணா."

தலைப்பை இன்னொரு தரம் படித்தார். பிறகு, "ஆறாவது படிக்கும்போது அந்தச் சந்தையப் பத்திப் பேசி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினேன்" என்றார்.

"திருப்பிக் கேக்க மாட்டாங்க."

அதற்குத்தான் முதலில் சிரித்தார். இருவரும் சிரித்தோம். காப்பறைக்காரர் எங்களை வெளியே போய்ச் சிரிக்கச் சொன்னார்.

எதிர்க் கடையில் டீ சாப்பிட்டோம். அங்கேதான் கேட்டார். "எல்லாருக்கும் திருத்தம் போடுற. என்னைப் பத்தி எழுதினதுக்கு மட்டும் ஏன் போடல?"

"அச்சுப் பிழைக்குத்தான் திருத்தம் போடுவாங்கண்ணா. அது என் பிழை" என்றேன். அண்ணி, அப்போதுதான் எனக்கே புரிந்தது. பதினைந்து வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவளிடம் முதல் தடவையாக, "நீயே ஒரு பக்கம் எழுது, சிரிப்பாக இருக்கட்டும்" என்றார்கள். சிரிக்க வைக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? எனக்குத் தெரிந்ததே அந்த ஊரும் அண்ணனும்தான். இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருந்த. அதான் அவ்வளவு வலிச்சுது" என்றார்.

பேருந்து ஏற்றிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஸ்பேர் பார்ட்ஸ் எதுவும் வாங்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

சின்னவள்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

வந்ததும் வராததுமாக உன் அண்ணன் கடை முன்னால் ஊரைக் கூட்டிவிட்டார். பெஞ்சு போதாமல் பழைய டயர்களைப் படுக்கப் போட்டு உட்கார வைத்தார். "என் தங்கச்சி கண்டுபிடிச்சா, நான் கண்ணால பாத்தேன்" என்றுதான் ஆரம்பித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து 'என் தங்கச்சி' வந்ததைக் கேட்டு நான் டயருக்குள்ளே விழப் பார்த்தேன்.

ஆனால் ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஒருவர், "நம்மளக் கிண்டல் பண்ணி எழுதின பொண்ணுதானே அது? இதையும் அதுவே எழுதி அச்சடிச்சிருக்கும்" என்றார். இன்னொருவர், சந்தையும் இருக்கட்டும் சந்தும் இருக்கட்டும், இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்றார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. நகராட்சித் தலைவர், சட்டத்தைக் கழற்ற ஆபீஸ் உத்தரவு வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டார்.

தையல்காரர்தான் மோசம். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் கொடுத்திருந்த ரவிக்கைத் துணி தைக்காமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. வீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மீட்டர் பார்க்கப் போனேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நான் கிளம்பும்வரை ஓட்டினார். மெஷினில் துணியே இல்லை.

அதிகாரிக்கு அந்தப் பக்கத்தின் நகல் உங்கள் பத்திரிகை முத்திரையோடு வேண்டும். வாங்கி அனுப்புவாயா? முடிந்தால் நீயே வாயேன்.

உன் அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

முத்திரையும் ஆசிரியர் கையெழுத்தும் வாங்கி, முழுப் பக்கத்தின் நகலைப் பதிவுத் தபாலில் இதோடு அனுப்பியிருக்கிறேன். பக்கத்துச் செய்தி காணாமல் போன ஒரு மாட்டைப் பற்றியது. அதையும் கத்தரிக்க வேண்டாம். நாம் கத்தரித்துப் பட்டது போதும்.

விசாரணைக்கு நான் வரவில்லை. பயம்தான், வேறென்ன. நான் வந்து நின்றால் பேச்சு சந்தை விட்டுவிட்டு என் கட்டுரைக்குப் போய்விடும். (இந்தத் தடவை சந்தையா சந்தா என்று நீங்களே கண்டுபிடியுங்கள். 'த்' எல்லாம் போட முடியாது, அடுத்த சொல் வகரம்.) நீங்கள் பேசுங்கள். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டவர் நீங்கள். அந்தச் சந்தில் யார் எந்நேரம் நடப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் விட்டுவிட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் ஊரில் தபால் பெட்டி இன்னும் பச்சைதான்.

தையல்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாத்தாவை இழந்தவர்.

சின்னவள்

மார்ச் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

வேலியைப் பிரித்துவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவாய். நேற்று மதியம் ஐஸ் கம்பெனி ஆட்களே வந்து பிரித்தார்கள். கடைசி வீட்டம்மாள் முதல் ஆளாக நடந்து வந்து, கடைவீதியில் வாங்க ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனார். சும்மா நடந்து பார்த்தாராம். வருகிற சனிக்கிழமை உனக்கு விடுமுறை என்று உன் அண்ணன் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். "கடை போனு எதுக்கு இருக்கு?" என்கிறார். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நகராட்சிக் கூடத்தில் உட்கார இடமில்லை. அதிகாரி அமைதியானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படிக்கிறவர். நகலைக் கொடுத்தேன். தலைப்பைப் படித்தார். பிறகு சுவரில் இருந்த துண்டைக் கழற்றி வரச்சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அந்த 'த்'தைத் தொட்டுக் காட்டினேன். "தமிழ்ல நான் ரெண்டு தடவை பெயிலானவன்மா. தலைப்பே போதும்" என்றார்.

ஐஸ் கம்பெனி முதலாளி எழுந்தார். "சார், சந்தையே இல்லைன்னு இவங்க சொல்றாங்க. இந்த ஊருல பாதிப் பேரோட தாத்தா அங்க கடை போட்டவங்க. அவங்கள்லாம் அப்ப எங்க கடை போட்டாங்க?" என்று கேட்டுவிட்டுத் தையல்காரரைப் பார்த்தார். கூடமே அவரைப் பார்த்தது. அவர் 'ஆமாம், சந்தைதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் இழுபறியாகிவிடும்.

தையல்காரர் மெதுவாக எழுந்தார். தோளில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்டினார். "எங்க தாத்தா கடை போட்டது நெசம் சார். அந்தச் சந்துலதான் போட்டாரு. மெஷினப் போட்டு வழிய அடைச்சிட்டாருன்னு தினமும் போறவங்க வர்றவங்ககிட்ட திட்டு வாங்கினாரு. சந்தைன்னு சொன்னா கேக்க நல்லாருக்கேன்னு எங்கப்பா சொன்னாரு, நானும் சொன்னேன்" என்றார்.

கூடம் சிரித்தது. கேலியாக இல்லை. ஐஸ் கம்பெனி முதலாளியும் சிரித்துவிட்டு, "இதுக்கு மேல நான் என்ன சொல்ல? லாரியப் பின் பக்கமா திருப்பிக்கிறேன்" என்றார். உன் அண்ணன் அங்கேயே அவருக்குப் பின்பக்கத்து வழியைக் கையால் வரைந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்தை இனி நீதான் எழுத வேண்டும் என்று ஊரே சொல்கிறது. கொஞ்சம் சிரிப்பாகவே இருக்கட்டும் என்கிறார்கள்.

கடைசியில் என் வாக்குமூலத்தை எழுத வேண்டியிருந்தது. எழுத்தர் தாளை எடுத்துவைத்துக்கொண்டு பெயர் கேட்டார், சொன்னேன். வேலை கேட்டார், சொன்னேன். தலை நிமிராமல், "சொந்த ஊரு?" என்றார்.

பத்தொன்பது வருடமாக எந்தத் தாளிலும் அந்த இடத்தில் நான் பிறந்த ஊரைத்தான் எழுதி வந்திருக்கிறேன். எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். உன் அண்ணன் லாரிப் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு வாரமாக என்னோடு பேசாத தையல்காரர். "எழுதுங்க சார். இதே ஊரு."

எழுத்தர் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், இதே ஊருதான்" என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

உன் அண்ணி